கூட்டுப் புருவம்

நேற்று பேத்தியின் பள்ளிக்கூடத்தில் ஈரக் களிமண் வாசனை அடித்தது. தஞ்சாவூர் புறவழிச் சாலையோரம் புதிதாகக் கட்டியிருக்கிற பெரிய பள்ளிக்கூடம். மகளுக்கு விடுப்பு கிடைக்காததால் என்னை அனுப்பியிருந்தாள். கண்ணாடிக் கதவில் 'மாணவர் ஆலோசகர்' என்று பலகை. உள்ளே இளம்பெண் ஒருத்தி, எதிரே தாழ்வான மேசை, அதன் மேல் ஒரு தட்டு நிறையப் பிசைந்த களிமண். பேத்தி வகுப்பில் யாருடனும் ஒட்டாமல் இருக்கிறாளாம். அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் கையால் சொல்லிவிடுவார்களாம். நான் தலையாட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தது அவளை இல்லை, உன்னை. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே தோன்றிவிட்டது.

உனக்கு அறையும் இல்லை, பலகையும் இல்லை. அந்த வேலைக்கு ஒரு பெயர் உண்டு என்பதே நம் இருவருக்கும் தெரியாது. எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு நீ வந்தது சத்துணவு தொடங்கிய புதிது. வேதாரண்யத்துக்குத் தெற்கே மீன்பிடிக் குடும்பம் உன்னுடையது. திருத்துறைப்பூண்டியில் ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாய். வயலையும் வாய்க்காலையும் தவிர வேறெதுவும் பார்த்திராத எங்கள் பிள்ளைகள் உனக்குக் 'கடக்கரை டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதே பள்ளியில் டீச்சராக இருந்த நான் உள்ளூர்க்காரி. மேலத்தெருப் பெரிய வீட்டுப் பெண். அப்பா காலமான பிறகு அண்ணன்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உனக்கும் எனக்கும் ஒரே வயது என்பது ஒன்றுதான் நமக்குள் பொது. அதை வைத்துக்கொண்டு முதல் வாரத்திலேயே என்னை நீ, வா, போ என்று பேச ஆரம்பித்துவிட்டாய். ஊரில் அப்படி என்னைக் கூப்பிட்ட வெளியாள் வேறு யாரும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு வரவே மாட்டேன் என்று வாசலில் உருண்டு அழுத ஒரு சிறுமியை ஆட்டுக்குட்டியோடு வரச் சொன்னாய். குட்டியைப் பூவரச மரத்தில் கட்டிவிட்டு அவள் வகுப்பில் உட்காருவாள். கொஞ்ச நாளில் ஆட்டுக்குட்டியை வீட்டில் விட்டுவிட்டு அவள் மட்டும் வந்தாள். சண்டை போட்ட பையன்களை யார் தப்பு என்று நீ விசாரித்ததே இல்லை. ஒரு மூங்கில் கழியில் தண்ணீர்க்குடத்தைத் தொங்கவிட்டு, ஆளுக்கு ஒரு முனையைத் தோளில் வைத்துக் குளத்திலிருந்து சத்துணவுக் கூடம் வரைக்கும் தூக்கிவரச் சொல்லுவாய். நடை ஒத்துப்போகாவிட்டால் தண்ணீர் இருவர் காலிலும் கொட்டும். வந்து சேர்வதற்குள் நனைந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். எல்லாமே பலித்தது என்று சொல்ல மாட்டேன். கோபம் வந்தால் குத்தட்டும் என்று ஒரு சாக்கில் உமியைக் கட்டி மரத்தில் தொங்கவிட்டாய். பையன்கள் சாக்கைக் குத்திக் கை சூடேறியதும் ஒருவரையொருவர் குத்திக்கொண்டார்கள். விலக்கப்போன தலைமையாசிரியர் கண்ணில் உமி. அன்று சாயங்காலமே சாக்கை அவிழ்த்துவிட்டாய்.

ஆனால் கூண்டு விளையாட்டை நான் மறக்க மாட்டேன். புயல் வரும்போது நாகப்பட்டினம் துறைமுகத்தில் எத்தனையாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று வானொலியில் சொல்வார்கள் அல்லவா, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். காலையில் ஒவ்வொருவரும் எழுந்து அவரவர் வீட்டில் இன்றைக்கு எந்தக் கூண்டு என்று சொல்ல வேண்டும். ஏன் எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. அப்பன் குடித்துவிட்டு வந்த வீட்டில் ஐந்து, ஆறு என்று ஏறும். அம்மா ஊருக்குப் போயிருந்தால் மூன்று. முழங்கையெல்லாம் சூடு வாங்கியிருந்த ஒரு பையன் தினமும் 'கூண்டே இல்ல டீச்சர்' என்பான். அவன் வீட்டுக்குத்தான் நீ முதலில் போனாய். தலைமையாசிரியர் ஓய்வுபெறப் போகிறவர். அழுகிற கேஸையும் அடிக்கிற கேஸையும் நீங்களே பாத்துக்குங்க டீச்சர், நான் நிம்மதியா ரிஜிஸ்டர் எழுதறேன் என்று கடைசிப் பீரியடையும் சத்துணவுக் கூடத்துத் தாழ்வாரத்தையும் உனக்கே விட்டுவிட்டார்.

குறுவை அறுப்பு வந்தது. அந்த வருஷம் கூலித் தகராறு. சங்கத்து ஆட்கள் அறுக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்தார். களத்துமேட்டில் ஏதோ அடிதடி என்றும், நம் ஆட்களைத்தான் அவர்கள் அடித்தார்கள் என்றும் வீட்டில் பேசிக்கொண்டார்கள். போலீஸ் வந்து கீழத்தெருவில் சிலரைப் பிடித்துப்போனது. வருஷா வருஷம் எங்காவது நடக்கிற ஒன்றாகத்தான் எனக்கு அது பட்டது. அண்ணன் சொன்னதை அப்படியே நம்பினேன்.

அறுப்புக்குப் பிறகு என் இரண்டாம் வகுப்பில் அஞ்சலை பேசுவதை நிறுத்திவிட்டாள். பண்ணையாள் மாரிமுத்துவின் மகள். அதுவரை வாய் ஓயாத பிள்ளை. வாசிக்க எழுப்பினால் எழுந்து நிற்பாள், கால் நடுங்கும், நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துவிடும். வயிற்றுக் கோளாறோ என்று நினைத்து உன்னிடம் அனுப்பினேன். உன் தாழ்வாரத்தில் அவளுக்கு எதுவும் ஆகவில்லை. பேச மாட்டாளே தவிர, குடம் தூக்குவாள், மண் பிசைவாள், கூண்டு எத்தனை என்று கேட்டால் இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலையும் காட்டுவாள். தினமும் பத்து.

ஐப்பசி மழையில் வாய்க்கால் நிரம்பிக் கிடந்த ஒரு நாள், பிள்ளைகளுக்கு வண்டல் மண்ணைக் கொடுத்து முகம் செய்யச் சொன்னாய். பிடித்த முகமோ, பிடிக்காத முகமோ, அவரவர் இஷ்டம். வேண்டாத முகத்தை வாய்க்காலில் கரைத்துவிடலாம். நான் நோட்டுத் திருத்திவிட்டு உன்னைப் பார்க்க வந்து தூணோரம் நின்றேன். அஞ்சலை மண்ணை அடை மாதிரித் தட்டி, இரண்டு புளியங்கொட்டையைக் கண்ணாக வைத்திருந்தாள். பிறகு மண்ணைக் கயிறு மாதிரி உருட்டி இரண்டு கண்ணுக்கும் மேலே ஒரே புருவமாக, இடைவெளியே இல்லாமல் ஒட்டினாள். பக்கத்திலிருந்த பிள்ளை அதைப் பார்த்தது, பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. என் கை தானாக என் நெற்றிக்குப் போனது. எங்கள் அப்பாவுக்கு இருந்தது, அண்ணனுக்கும் எனக்கும் வந்தது, மூக்குக்கு மேலே ஒன்றாகச் சேர்ந்த அந்தப் புருவம்.

பிள்ளைகள் போனபின் உன்னைக் கேட்டேன். நீ ஏற்கெனவே கீழத்தெருவுக்குப் போய் அவள் அம்மாவைப் பார்த்து வந்திருந்தாய். களத்தை மறித்து நின்ற மாரிமுத்துவை என் அண்ணன் தன் கையாலேயே அடித்திருக்கிறார். கால் எலும்பு உடைந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அப்பனுக்குச் சோறு கொண்டுபோன அஞ்சலை பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். இதையெல்லாம் நீ மெதுவாகத்தான் சொன்னாய். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. நான் என்ன செய்தேன், என்னைக் கண்டு ஏன் நடுங்குகிறாள் என்று கேட்டேன்.

"அது ஒனக்குப் பயப்படல. ஒன் மொகத்துக்குப் பயப்படுது," என்றாய்.

வீட்டுக்குப் போனபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். களத்தில் என்ன நடந்தது என்று நேராகக் கேட்டேன். மறைக்கவே இல்லை. மறிச்சு நின்னான், போட்டேன் என்றார். பக்கத்தில் பிள்ளை நின்றதே என்றேன். மோருக்குக் கையை நீட்டிக்கொண்டே, "புள்ள நின்னுச்சா? கவனிக்கலையே," என்றார். அம்மா மோரை ஊற்றினாள். என் இலையில் இருந்ததும் அந்த அறுப்பு நெல்லுச் சோறுதான். நான் கண்ணாடி இருந்த கூடத்து வழியாகப் போகாமல் கொல்லைப்புறமாகச் சுற்றிப்போய்ப் படுத்தேன். அடித்தவன் நானில்லை என்று எத்தனை தரம் சொல்லிக்கொண்டாலும் அடித்த முகம் என் தலையணையில்தான் இருந்தது.

மறுநாள் அஞ்சலையை வேறு வகுப்புக்கு மாற்றிவிடச் சொன்னேன். அவளுக்காகச் சொல்வதாக நினைத்துக்கொண்டேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. மாற்றினால் என்னைப் பார்க்காமல் இருப்பாளே தவிர, பயம் பயமாகத்தான் இருக்கும் என்றாய். அவளையே கேட்கலாம் என்று கூட்டிவந்தாய். நான் தாழ்வாரத்துக் கடைசியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். டீச்சர் மொகத்த என்ன பண்ணலாம், நீயே சொல்லு என்று அவளிடம் கேட்டாய். வெகுநேரம் கழித்துப் பின்னால் தண்ணீர் சலசலக்கிற சத்தம் கேட்டது. மண் இருந்த வாளிக்குள் கையை விட்டிருந்தாள்.

நீ என்னைக் கண்ணை மூடிக்கொண்டு திரும்பச் சொன்னாய். திரும்பினேன். சில்லென்று மண் நெற்றியில் பட்டது. சின்ன விரல்கள் புருவத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பூசின. மூக்கில் வழிந்தது. கொஞ்சம் கண்ணுக்குள் போய் எரிந்து, என்னையறியாமல் இமை அசைந்திருக்க வேண்டும். விரல்கள் சட்டென்று பின்வாங்கின.

"கண்ணத் தொறக்காதீங்க டீச்சர்."

அறுப்புக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. நீ மூச்சை இழுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது. உனக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று தெரியும். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. புருவத்தை மூடிய பிறகும் கண் இருக்கிறதே, அதுவும் அண்ணன் கண்தானே. அவள் இன்னொரு கை மண் எடுத்து அழுத்திப் பூசிவிட்டு, ரொம்ப நேரம் கழித்து, இப்பத் தொறங்க என்றாள். திறந்தேன். என்னைப் பார்த்தாள். பாவாடை நனையவில்லை.

அதன்பிறகு தினமும் காலையில் வகுப்பு வாசலில் மண்ணோடு நிற்பாள். நான் குனிந்து நெற்றியைக் காட்டுவேன். மண் காய்ந்து உதிர்ந்துகொண்டிருக்கப் பாடம் நடத்துவேன். எங்களுக்கும் வேணும் என்று மற்ற பிள்ளைகள் கேட்க, வகுப்பு முழுக்க மண் நெற்றி. அஞ்சலை தயங்கித் தயங்கி வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் விரல்களை எண்ணிப் பார்த்து, "இன்னிக்கு எட்டு," என்றாள். நீ ஓடிவந்து என்னிடம் சொன்னாய். பத்திலிருந்து எட்டு வந்ததற்கு அப்படிச் சிரித்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஊர் சும்மா இருக்குமா? கீழத்தெருப் பிள்ளை மேலத்தெருப் பெண்ணின் முகத்தில் சேறு பூசுகிறது என்று டீக்கடை வரைக்கும் போயிற்று. அண்ணன் என்னைக் கூடத்தில் நிறுத்திக் கேட்டார். அதுவும் யார் கையால என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நம்ம மொகம்ண்ணே அது. அதான்," என்றேன்.

புரிந்துகொண்டார். அடிக்கக் கை ஓங்கி, என்ன நினைத்தாரோ, இறக்கிவிட்டார். அந்தக் கடலோரக்காரி இந்த ஊரில் இருந்தால்தானே என்றார். நான் ஒரு டிரங்குப் பெட்டியோடு அன்றைக்கே திருத்துறைப்பூண்டிக்கு உன் அறைக்கு வந்துவிட்டேன். அம்மா தெருமுனைவரை அழுதுகொண்டே வந்தாள். நீ ஒன்றும் கேட்காமல் பாயை விரித்தாய்.

அண்ணனுக்குக் கட்சியில் ஆள் இருந்தது. தை பிறந்ததும் உனக்கு மாற்றல் வந்தது, பட்டுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு ஊருக்கு. மேலிடத்து உத்தரவு, நான் என்ன பண்ண முடியும் என்று தலைமையாசிரியர் உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எதிர்த்து எழுதலாம் என்று நான் குதித்தேன். அங்கேயும் பிள்ளைகள் இருக்கும் என்று சொல்லிவிட்டு நீ துணிமணியை மடித்தாய். பஸ் ஏற்றிவிட வந்த பிள்ளைகளில் அஞ்சலையும் இருந்தாள். உன்னிடம் பத்து விரலையும் காட்டினாள். அவளுக்கு ஒரே துணையாக இருந்த ஆளை என் வீடு பிடுங்கி அனுப்பிக்கொண்டிருந்தது. நான் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு உனக்குக் கையசைத்தேன்.

நீ போன பிறகு உன் அறையிலேயே தங்கிக்கொண்டு கூண்டு விளையாட்டை நான் நடத்திப் பார்த்தேன். பிள்ளைகள் எண்ணைச் சொல்வார்கள், எனக்கு ஏன் என்று கேட்டுவிட வாய் துறுதுறுக்கும். கேட்டுவிடுவேன். அடுத்த நாள் எல்லோர் வீட்டிலும் கூண்டே இருக்காது. உன் கை எனக்கு வரவில்லை. அஞ்சலை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை என்னிடம்தான் படித்தாள். நன்றாகவே படித்தாள். மண் பூசுவது எப்போது நின்றது என்று நினைவில்லை. ஆனால் ஏதாவது சொல்ல நான் சட்டென்று திரும்பினால், கடைசி வரைக்கும், ஒரு கணம் அவள் உடம்பு விறைக்கும்.

எனக்குக் கல்யாணமாகித் தஞ்சாவூருக்கு வந்தேன். நீ ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தாய். போன இடமெல்லாம் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்து எனக்குக் கடிதம் போடுவாய். திக்குவாய்ப் பையனை மாட்டுக்குக் கதை சொல்ல வைத்தது, அப்பனைக் கடலில் தொலைத்த பெண்ணைக் கொண்டு பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் பூச்செடி வைக்கச் செய்தது. படிக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியோடு ஒரு கூச்சமும் சேர்ந்தே வரும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது அது.

அண்ணன் கடைசிக் காலத்தில் பக்கவாதத்தில் கிடந்தார். போய்ப் பார்த்தேன். அவரிடம் ஒன்றையும் கேட்கவில்லை. வயதாக வயதாக என் முகம் அவர் முகமாகவே ஆகிவருகிறது. அது உனக்கும் தெரிந்திருக்கும். கேலி செய்ததே இல்லை.

உனக்குச் சிறுநீரகம் கெட்டு, நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த நாளில் வேதாரண்யம் வந்தேன். கை வீங்கிப்போய்ப் படுத்திருந்தாய். அஞ்சலை அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருப்பதையும், அடிக்கடி வந்து உன்னைப் பார்ப்பதையும் நீதான் சொன்னாய். அன்றைக்குத்தான் அதை வாய்விட்டுக் கேட்டேன். அவளை ஒரு தரம் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிடட்டுமா, இவ்வளவு வருஷமாக நெஞ்சுக்குள்ளேயே கிடக்கிறதே என்று. நீ முதலில் தண்ணீர் கேட்டாய். அளந்து குடிக்கச் சொல்லியிருந்த தண்ணீரில் ஒரு வாய் குடித்தாய்.

"கேட்டா ஒனக்குப் பாரம் எறங்கிடும். அது எங்க எறங்கும்? அவ மேலதானே," என்றாய். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வெக்கமா இருக்குன்னா வெக்கப்படு வசந்தா. அத அவளப் பாக்கச் சொல்லாத," என்றாய்.

உன் வாயிலிருந்து நான் கடைசியாகக் கேட்ட சொற்கள் அவை. அடுத்த மழைக்கு முன் நீ போய்விட்டாய்.

உன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். எங்கெங்கிருந்தோ உன் பிள்ளைகள் வந்திருந்தார்கள், தலை நரைத்தவர்கள்கூட. நான் சுவரோரம் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை மாலையோடு வந்தாள். உன் காலடியில் விழுந்து அழுதாள். எழுந்து திரும்பியபோது என்னைப் பார்த்தாள். அவள் கால் நின்றது. ஒரே ஒரு கணம்தான். பேரன் எடுத்தவள், கண்ணாடி போட்டவள், ஆனாலும் நின்றது. பிறகு நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, நல்லா இருக்கீங்களா டீச்சர் என்றாள்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். சொன்னாள். அப்பா அந்தக் காலை இழுத்துக்கொண்டே நெடுநாள் இருந்துவிட்டுப் போனார் என்றாள். சொல்ல வேண்டியதெல்லாம் வாய்வரைக்கும் வந்தது. நீ சொன்னதை நினைத்து விழுங்கினேன். அப்போது அவள், "ஒங்க அண்ணன் இருக்காருங்களா?" என்று கேட்டாள். குரலில் ஒன்றும் இல்லை, சும்மா விசாரிக்கிற குரல்தான்.

"போயிட்டாரும்மா," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் குரல் உடைந்துவிட்டது, கண்ணும் பெருகிவிட்டது. அண்ணனுக்காக அழவில்லை. உனக்காகக்கூட இல்லை. அவளுக்கு அது தெரிந்ததா, இல்லை அண்ணனை நினைத்துத்தான் அழுகிறேன் என்று எடுத்துக்கொண்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நெருங்கி உட்கார்ந்தாள். என் முதுகில் கையை வைத்து, குழந்தையைத் தேற்றுவது மாதிரித் தடவிக்கொடுத்தாள்.

"அழுவாதீங்க டீச்சர். உடம்புக்கு ஆவாது."

ஒரு வார்த்தையும் கேட்காமலே, அவள் மேல் இறக்கிவைக்கக் கூடாது என்று நீ சொன்னதை நான் இறக்கிவைத்துவிட்டேன். அவளும் தாங்கிக்கொண்டாள். அப்பனை அடித்த முகம் அழுதது, அதைத் தேற்றுகிற வேலையும் கடைசியில் அவளுக்கே வந்து சேர்ந்தது. கையை எடும்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் அவள்தான் வருத்தப்பட்டிருப்பாள். சங்கு ஊதி உன்னைத் தூக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அந்தக் கை இன்னும் என் முதுகில் இருக்கிறது. எவ்வளவு லேசான கை என்று உனக்குத் தெரியும். நிமிர முடியவில்லை.